சாட்டர்ன் 5 மாடல் கிட், 1:144: ஒரு நர்ஸின் ஐந்து மாதங்கள்

நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டை, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சின்னதாகச் செய்வதற்கான பெட்டி இது. முதலில் அதைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு பாதிக் குழாய்களும் ஒன்றோடொன்று சரியாகச் சேராது. வண்ணம் பூசக் கொடுத்திருக்கும் படம் தப்பு. தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துத் தாள், அதாவது டீகால், மஞ்சள் பாரித்துக் கிடந்தது. இத்தனைக்கும் பிறகு, இதே மாதிரி ஒரு பெட்டியை வாங்கச் சொல்லி நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் இரண்டு பேர் என்னோடு வேலை பார்த்தவர்கள். ஏன் சொன்னேன் என்று விளக்க இந்த விமர்சனம் கொஞ்சம் நீளும்.

தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. என் தம்பி பல வருடங்களுக்கு முன் வாங்கி, பிரிக்காமலே அலமாரி மேல் போட்டு வைத்திருந்த பெட்டி இது. அச்சும் பழசு, தாளும் பழசு. இப்போது விற்பனைக்கு வருவது இதைவிட நன்றாக இருக்கலாம். நான் சொல்லும் குறைகள் என் மேஜைக்கு வந்த பெட்டியின் குறைகள், அவ்வளவுதான்.

நான் பத்தொன்பது வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். போன வருடம் ஒரு இரவுப் பணியில் மருந்துக் குப்பியிலிருந்து ஊசியில் மருந்து எடுக்கும்போது கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற பெண், "சிஸ்டர், நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றாள். உட்கார்ந்தவள்தான், பிறகு அந்த வார்டுக்குள் போக முடியவில்லை. வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்து 'பீப்' என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மானிட்டர் சத்தம் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டே இருக்கும். பதற்றக் கோளாறு என்றார் மருத்துவர். மாத்திரை கொடுத்தார், ஆலோசகரிடமும் அனுப்பினார்.

ஆலோசகர் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே எழுத வேண்டும், ஏனென்றால் கிட்டுக்கும் எனக்கும் நடுவே பாலம் அதுதான். மனசு சரியாகட்டும், அப்புறம் ஏதாவது செய்யலாம் என்று நாம் காத்திருக்கிறோம். அவர் அதைத் திருப்பிப் போட்டார். சின்னதாக ஒரு செயல், அதற்கு ஒரு நேரம், தினமும் அந்த நேரத்தில் அது. பிடிக்கிறதோ இல்லையோ உட்கார வேண்டும். உட்காரும் முன் பதற்றம் பத்துக்கு எவ்வளவு, எழும்போது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். இந்த விமர்சனத்தை எழுதும்போதும் அந்த நோட்டு பக்கத்தில்தான் இருக்கிறது.

"அக்கா, உனக்குத்தான் கையில நல்ல நிதானம். இதைப் பிரிச்சுப் பாரேன்" என்று தம்பி பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். கையில் நிதானம் போய்விட்டது என்றுதான் நான் வீட்டில் இருந்தேன். அவனுக்கு அது தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னான்.

சாட்டர்ன் 5 என்பது மனிதர்களை நிலவுக்குக் கொண்டுபோன ராக்கெட். 1967-இலிருந்து 1973 வரை பதின்மூன்று முறை பறந்தது. அசலின் உயரம் 110.6 மீட்டர். 1:144 என்றால் அசலில் 144-இல் ஒரு பங்கு. 144-ஆல் வகுத்தால் 77 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அடிப்பகுதிக் குழாயின் விட்டம் ஏழு சென்டிமீட்டர், என் உள்ளங்கைக்குள் அடங்கும். இந்த அளவில் ஒரு மனிதனைச் செய்து பக்கத்தில் நிறுத்தினால் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருப்பான். முதல் நாள் ஒரு காகிதத் துண்டை அந்த உயரத்துக்கு வெட்டி மேஜையில் நிறுத்தினேன். அது கடைசிவரை அங்கேயே நின்றது.

பெட்டிக்குள் வெள்ளை பாலிஸ்டைரீன் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் பாகங்கள் காம்பில் காய் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் காம்போடு வெட்டி, மிச்சக் காம்பைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். இதற்கு மாடல் செய்பவர்கள் வைத்திருக்கும் கூர்முனை பிளேடு, நாங்கள் ஆஸ்பத்திரியில் பார்க்கும் 11-ஆம் எண் பிளேடின் அதே வடிவம். இடுக்கியும் எனக்குப் பழக்கமானதுதான். புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய கருவி எதுவும் இல்லை என்பது அப்போதைய நிலையில் பெரிய நிம்மதி. முதல் நாள் ஒரே ஒரு பாகத்தை, ஒரு இறக்கையை, வெட்டித் தேய்த்து வைத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. நோட்டில் 'முன்: 7, பின்: 5' என்று இருக்கிறது.

இனி பசை. மற்ற பசைகள் இரண்டு பொருளை ஒட்டும். பிளாஸ்டிக் மாடலுக்கான பசை அப்படி இல்லை. அது இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து, ஒன்றுக்குள் ஒன்றை உருக வைக்கிறது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் அந்த இடம் ஒரே பிளாஸ்டிக் ஆகிவிடும். அதற்கு நேரம் வேண்டும். சில நிமிடத்தில் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும், ஆனால் ஒரு முழு நாள் தொடாமல் விட்டால்தான் தேய்க்கிற அளவுக்கு இறுகும். அவசரப்பட்டுத் தேய்த்தால் இணைப்பு உள்வாங்கிப் பள்ளமாகும். நான் ஒரு தடவை அப்படிக் கெடுத்தேன்.

அவசரப் பிரிவில் எதையும் பாதியில் விட முடியாது. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அது மற்றொருவர் தலையில் விழும், இல்லையென்றால் ஒரு உயிரின் மேல் விழும். பத்தொன்பது வருடம் உடம்புக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். இந்த மேஜையில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவதுதான் வேலை. ரப்பர் பேண்டு போட்டுக் குழாயைப் படுக்க வைத்துவிட்டு விளக்கை அணைக்க வேண்டும். காலையில் வந்து பார்த்தால், நான் தூங்கின நேரத்தில் அது தானாக இறுகியிருக்கும். இது என்னை எவ்வளவு தூரம் மாற்றியது என்று ஆலோசகரிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

குழாய்களுக்கு வருகிறேன். பெட்டியின் மிகப் பெரிய குறை இங்கேதான். ராக்கெட் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று நிலைகள், அதாவது தனித்தனி எஞ்சின் உள்ள பகுதிகள். அடியில் இருக்கும் முதல் நிலையின் குழாய் நெடுக்கில் இரண்டு பாதியாக வருகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரு பக்கம் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் மேடு. வழுவழுப்பான குழாய் என்றால் இடைவெளியை நிரப்பும் புட்டிப் பசை வைத்துத் தேய்த்துச் சமன் செய்துவிடலாம். ஆனால் சாட்டர்னின் உடம்பு எல்லா இடத்திலும் வழுவழுப்பு கிடையாது. முதல் நிலையில் மேலே திரவ ஆக்சிஜன் தொட்டி, கீழே மண்ணெண்ணெய்த் தொட்டி. இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதி முழுக்க நெளிதகடு. மேல் பாரத்தைத் தாங்குவதற்காக நெடுக்கு வரிகள் நெருக்கமாக ஓடும். இணைப்புக் கோட்டைத் தேய்க்கும்போது அந்த வரிகளும் சேர்ந்து மழுங்கிப் போகின்றன. குறிப்புத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

இதைச் சரிசெய்யும் வழியை மாடல் செய்பவர்கள் வெகு காலமாகக் கையாண்டு வருகிறார்கள். பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் காலிச் சட்டத்தில் ஒரு துண்டை எடுத்து, மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும் நேரம் பார்த்து, சுடரை விட்டு வெளியே எடுத்து, இரண்டு கையாலும் சீராக இழுக்க வேண்டும். முடி போல மெல்லிய பிளாஸ்டிக் இழை வரும். வேகமாக இழுத்தால் மெலிசு, மெதுவாக இழுத்தால் தடிமன். இழுத்த பிறகு சில விநாடி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் நேராக இறுகும். மூச்சை விட்டுக்கொண்டே இழுத்தால் ஒரே சீராக வருகிறது என்று நான்காவது நாளில் கண்டுபிடித்தேன். மூச்சை மெல்ல வெளியே விடச் சொல்லி ஆலோசகர் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தார், எனக்கு வரவே இல்லை. இழை அறுந்துவிடக் கூடாதே என்ற கவலையில் தானாக வந்தது.

அந்த இழைகளை அளவாக வெட்டி, அழிந்த வரிகளின் இடத்தில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். இரண்டு பக்கமும் சேர்த்து அறுபத்து நான்கு இழைகள். மூன்று வாரம். ஐந்து மாதத்தில் நல்ல வாரங்கள் எவை என்று கேட்டால் யோசிக்காமல் இந்த மூன்றைத்தான் சொல்வேன். பொருத்தம் சரியாக இருந்த பெட்டி வந்திருந்தால் இந்த வாரங்கள் எனக்குக் கிடைத்திருக்காது. அதற்காகக் குறையை நிறை என்று சொல்ல மாட்டேன். இரண்டு பாதியும் நேராகச் சேர்வது ஒரு கிட்டின் அடிப்படைக் கடமை. குழந்தையோடு சேர்ந்து செய்யலாம் என்று வாங்குகிறவர்கள் இங்கேயே வெறுத்துப்போவார்கள்.

எஞ்சின்கள் நன்றாக இருக்கின்றன. முதல் நிலைக்கு ஐந்து எஃப்-1 எஞ்சின்கள். அசலில் ஒவ்வொன்றின் வாயும் 3.7 மீட்டர் அகலம், மாடலில் இரண்டரை சென்டிமீட்டர். ஐந்தும் சேர்ந்து விநாடிக்குக் கிட்டத்தட்ட 13 டன் எரிபொருளையும் ஆக்சிஜனையும் குடித்தவை. நடுவில் இருப்பது அசையாது, சுற்றியுள்ள நான்கும் திசை திருப்பத் திரும்பும். கிட்டில் கூம்புகளின் மேல் குழாய் வளையங்கள் அழகாக வார்க்கப்பட்டிருக்கின்றன. அருங்காட்சியகங்களில் நிற்கும் எஞ்சின்கள் பெரும்பாலும் இப்படித்தான் திறந்து தெரியும். ஆனால் பறக்கும்போது அவற்றுக்கு மேலே வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சுப் போர்வை போர்த்தி, மேற்புறம் உலோகத் தாள் சுற்றியிருந்தார்கள். பழைய புகைப்படங்களில் கசங்கிய வெள்ளித் தாளைச் சுற்றிய மாதிரி தெரியும். நான் மெல்லிய அலுமினியத் தாளைக் கசக்கி, பிரித்து, சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிப் பசையால் ஒட்டினேன். கட்டு போட்டுப் பழகின கைக்கு அது தெரிந்த வேலை.

எஃப்-1 பற்றிப் படித்தபோது ஒரு விஷயத்தில் நின்றுவிட்டேன். அந்த எஞ்சினைச் செய்தவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது எரிதலின் நிலைகுலைவு. எரியும் அறைக்குள் அழுத்தம் எங்காவது சற்று ஏறும், அது அலையாகும், அலை எரிதலைத் தூண்டும், எரிதல் அலையை இன்னும் பெரிதாக்கும். கண்மூடித் திறப்பதற்குள் எஞ்சின் தன்னையே கிழித்துக்கொள்ளும். 1962-இல் சோதனை மேடையில் ஒரு எஞ்சினை இப்படியே இழந்தார்கள். அலை எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே அறைக்குள் ஒரு சிறு வெடிகுண்டை வெடிக்கவைத்து, குலைவைத் தாங்களே உண்டாக்கினார்கள். பிறகு அது எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார்கள். எரிபொருளைத் தெளிக்கும் தட்டில் தடுப்புகள் வைத்து, அதைப் பதின்மூன்று அறைகளாகப் பிரித்தார்கள். தெளிக்கும் துளைகளை மாற்றினார்கள். மறுபடி குண்டு, மறுபடி அளவு. கடைசியில் பத்தில் ஒரு விநாடிக்குள் தானாக அடங்கும் எஞ்சின் வந்தது. பதின்மூன்று பயணங்களில் அறுபத்தைந்து எஃப்-1 பறந்தன. பறக்கும்போது ஒன்று கூடக் கைவிடவில்லை.

பதற்றம் வரவே கூடாது என்று நான் மாதக்கணக்கில் முயன்றுகொண்டிருந்தேன். குண்டே வெடித்தாலும் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளக்கலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து நோட்டில் இன்னொரு பத்தி சேர்த்தேன்: எத்தனை நிமிடம். ஒரு மாலை, வண்ணம் படக் கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் ஆம்புலன்ஸ் போனது. கை குளிர்ந்து, காது அடைத்து, தொண்டை இறுகியது. டேப்பை மேஜை விளிம்பில் ஒட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தாறு நிமிடம். அடுத்த மாதம் அதே மாதிரி ஒன்று வந்தது, பதினொன்று. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

வண்ணம் பூசுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் ஏமாறும் இடம் இது. சாட்டர்னின் வெள்ளை உடம்பில் கறுப்புக் கட்டங்கள் அழகுக்காக வந்தவை கிடையாது. ராக்கெட் மேலே போகும்போது தன் அச்சில் எவ்வளவு சுழல்கிறது என்று கேமராக்கள் வழியாகப் பார்ப்பதற்கான குறிகள் அவை. 1966 மே மாதம் 500எஃப் என்று ஒரு சாட்டர்னை ஏவுதளத்துக்குக் கொண்டுபோனார்கள். அது பறப்பதற்கானது இல்லை. கட்டடம், மேடை, குழாய்கள் எல்லாம் சரியாக அமைகின்றனவா என்று பார்ப்பதற்கான ஒத்திகை ராக்கெட். அந்தக் காலத்தில் மாடல் கிட் செய்தவர்களுக்குக் கிடைத்த படங்கள் அதனுடையவை. அதனால் பழைய கிட்டுகள் பலவற்றின் வண்ணப் படம் 500எஃப்-ஐப் பார்த்து வரைந்ததாகவே இருக்கும். அதில் நான் மூன்று வாரம் இழை ஒட்டிய அந்த நெளிதகடுப் பகுதியில் கறுப்பு இருக்கும். நிலவுக்குப் போன ராக்கெட்டுகளில் அந்தப் பகுதி வெள்ளை. பெட்டியின் மேல் 'அப்பல்லோ' என்று எழுதிவிட்டு உள்ளே ஒத்திகை ராக்கெட்டின் படத்தைக் கொடுப்பது சரியில்லை. பூசும் முன், நீங்கள் செய்யப்போகும் பயணத்தின் புகைப்படத்தை எடுத்து எதிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் என் நோட்டு சொல்வதையும் மறைக்க மாட்டேன். தேய்க்கும் நாட்களில் எண் இறங்கியிருக்கிறது. பூசும் நாட்களில் ஏறியிருக்கிறது. 4 போய் 6, 3 போய் 6. தேய்ப்பது போதவில்லை என்றால் நாளைக்கும் தேய்க்கலாம். ஸ்ப்ரேயை அழுத்திவிட்டால் அழுத்தியதுதான். கறுப்பு பூசி டேப்பை உரித்த அன்று இரண்டு இடத்தில் கறுப்பு கசிந்து வெள்ளைக்குள் போயிருந்தது. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பிறகு கற்றுக்கொண்டது இது: டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் அடியில் இருக்கும் அதே வெள்ளையை ஒரு மெல்லிய பூச்சு பூசிவிட வேண்டும். கசிவதானால் வெள்ளை கசிந்து விளிம்பை அடைத்துவிடும். அதற்கு மேல் கறுப்பு பூசினால் கோடு கத்தியால் கீறினது போல வரும்.

நர்ஸாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பசையும் ஸ்ப்ரேயும் மூடின அறையில் வேண்டாம். தூசுக்கான சாதாரண முகக்கவசம் கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய கவசம் தனியாக இருக்கிறது, அதைப் போடுங்கள். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. தலை லேசாகச் சுற்றினால் அது பதற்றமா ஆவியா என்று யோசித்துக்கொண்டு உட்காராமல் வெளியே வாருங்கள்.

டீகால் மஞ்சள் பாரித்திருந்தது என்று சொன்னேன். அந்தத் தாளை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக, முகம் வெயிலைப் பார்க்க ஒட்டி வைத்தால் மஞ்சள் வெளுக்கும். மூன்று வாரத்தில் கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. பழைய டீகால் தண்ணீரில் போட்டதும் தூள்தூளாக உடையும் என்பதால், மேலே தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துக் காயவைத்த பிறகுதான் வெட்டினேன். உடம்புக்கும் முதலில் பளபளப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். சொரசொரப்பான வண்ணத்தின் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். நான் முதலில் ஒட்டிய கொடி இன்னும் அப்படித்தான் மின்னுகிறது. 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற நெடுக்கு எழுத்துகள் நேராக உட்கார்ந்துவிட்டன.

உச்சியில், ஆபத்து வந்தால் வீரர்கள் இருக்கும் கலத்தை இழுத்துக்கொண்டு போகும் தப்பிக்கும் கோபுரத்தின் பின்னல் சட்டம் வெட்டும்போதே இரண்டு தடவை ஒடிந்தது. அதை விட்டுவிட்டுப் பித்தளைக் கம்பியில் செய்துகொண்டேன். அந்தப் பாகத்தை யாரும் நம்ப வேண்டாம்.

எந்தப் பயணத்தைச் செய்வது என்று முடிவெடுக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் அப்பல்லோ 11 செய்வார்கள். நான் அப்பல்லோ 12 செய்தேன். காரணம் ஒரு வளையம். மூன்றாம் நிலையின் தலையில், மாடலில் ஆறு மில்லிமீட்டர் உயரமே உள்ள ஒரு பாகம் வரும். பெட்டியில் அதற்கு எந்த மரியாதையும் இல்லை. குழாயோடு சேர்த்தே வார்த்து, சுற்றி ஒரு கோடு மட்டும் கீறியிருக்கிறார்கள். அசலில் அது ஐபிஎம் செய்த கருவி வளையம். 6.6 மீட்டர் விட்டம், ஒரு மீட்டருக்கும் குறைவான உயரம். ராக்கெட்டை வழிநடத்தும் கணினியும் திசைகாட்டும் கருவிகளும் அதற்குள் இருந்தன.

1969 நவம்பர் 14 அன்று மழையில் அப்பல்லோ 12 கிளம்பியது. 36 விநாடி கழிந்ததும் மின்னல் தாக்கியது. 52-ஆம் விநாடியில் மறுபடியும். விண்கலத்தில் மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலங்கள் துண்டித்துக்கொண்டன, எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்தன, தரைக்கு வந்த தகவல்கள் குழம்பின. தரையில் இருந்த ஜான் ஆரன் என்ற இளைஞர் அந்தக் குழப்பத்தின் வடிவத்தை முன்பு ஒரு சோதனையில் பார்த்திருந்தார். ஒரே ஒரு சுவிட்சை மாற்றச் சொன்னார். விண்கலத்தில் இருந்த வீரர் ஆலன் பீனுக்கு அந்த சுவிட்ச் எங்கே என்று தெரிந்திருந்தது. மாற்றினார், தகவல்கள் திரும்பி வந்தன. இது பலருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அதன் இன்னொரு பாதி. மேலே விண்கலத்தில் அத்தனை மணியும் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கீழே அந்த வளையம் தன் கணக்கைத் தவறவிடாமல் ராக்கெட்டை நேராகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடம் மணி அடித்தால் ஓடின எனக்கு, அதைப் படித்துவிட்டு அந்தக் கோட்டை வெறுமனே விட மனம் வரவில்லை. குழாயை அந்த இடத்தில் ரம்பத்தால் அறுத்தெடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வளையத்தைத் தனியாகச் செய்தேன். அதன் மேல் இருக்கும் சின்ன மூடிகளையும் ஆன்டெனாக்களையும் ஊசி முனையால் எடுத்து வைத்தேன். ஒன்பது நாள். நோட்டில் அந்த ஒன்பது நாளும் 2-க்கு மேல் போகவில்லை.

அப்பல்லோ 12-இன் மூன்றாம் நிலையைச் சூரியனைச் சுற்ற அனுப்ப நினைத்தார்கள். உந்துதல் சரியாக அமையாததால் அது பூமியைச் சுற்றி ஒரு நீண்ட பாதையில் தங்கி, பிற்பாடு தானாக விலகிப் போனது. 2002-இல் வானியலாளர் ஒருவர் பூமியைச் சுற்றும் புதுப் பொருள் ஒன்றைக் கண்டார். ஜே002இ3 என்று பெயர் வைத்தார்கள். விண்கல்லா என்று அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், அது டைட்டானியம் டையாக்சைடு கலந்த வெள்ளை வண்ணத்தின் ஒளியோடு ஒத்துப்போனது. பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அப்பல்லோ 12-இன் மூன்றாம் நிலையாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அடுத்த வருடம் அது மறுபடி சூரியப் பாதைக்குப் போய்விட்டது. கருவி வளையம் அந்த நிலையோடு சேர்ந்தே இருக்கும் பாகம். நான் பூசிய வெள்ளை டப்பாவிலும் நிறமி டைட்டானியம் டையாக்சைடுதான் என்று போட்டிருந்தது. அதைப் படித்த அன்று மூன்றாம் நிலைக்கு இன்னொரு பூச்சு கொடுத்தேன், தேவை இல்லாவிட்டாலும்.

யாருக்கு இதைச் சொல்வேன்? கைவேலை தெரிந்தும் கை மேல் நம்பிக்கை போனவர்களுக்கு. வேலையில் வெந்து போனவர்களுக்கு. யாருக்கு வேண்டாம் என்றால், ஒரு சின்னத் தப்பு நடந்தால் தன்னையே திட்டித் தீர்க்கும் நிலையில் இப்போது இருப்பவர்களுக்கு. அவர்கள் பசையே இல்லாமல் மாட்டிச் சேர்க்கும் கிட் ஒன்றில் தொடங்கட்டும், இது ஓடிப்போகாது. மருந்துக்கு இது மாற்று கிடையாது. நான் இந்த ஐந்து மாதமும் மாத்திரையை ஒரு நாள் தவறவிடவில்லை. போன முறை மருத்துவர்தான் அளவைக் குறைத்தார். இப்போது பகல் நேரத்தில் புறநோயாளிகள் பிரிவில் வாரம் மூன்று நாள் வேலை பார்க்கிறேன்.

பெட்டிக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை. எஞ்சின்களுக்காக அந்த அரை. பொருத்தம் இன்னும் சரியாக உள்ள, புது அச்சில் வந்த 1:144 கிட் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இது போன்ற பழசு போதும், கூடவே உப்புத்தாள் 400, 800, 1500 மூன்றும் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள்.

நிலைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் விட்டிருக்கிறேன், பிரித்துப் பார்க்கலாம். போன ஞாயிறு தம்பி வந்தபோது முதலில் அந்த வளையத்தைத்தான் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். "இது பெட்டியில இருந்துச்சா அக்கா?" என்றான். இல்லை என்றேன். அவன் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுப் போன பிறகு கவனித்தேன், நடு எஞ்சினின் வெள்ளித் தாள் ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது. இன்று மாலை ஆறு மணிக்கு அதை உரித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்ட வேண்டும்.